துர்காவின் கொடியில் காய்ந்த சட்டை

விருத்தாசலத்தில் என் வாயால் கெட்டுப்போனவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். சரி, முந்நூறு இல்லை. ஒருத்தி. அந்த ஒருத்தியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைத் திறக்கும்போதே காது சுடுகிறது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வினை அங்கேதான் தொடங்கியது. செராமிக் தொழிற்பேட்டையில் முப்பத்தாறு வருஷம் மோல்டு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சவரிராஜ். மோல்டு என்றால் அச்சு. பொம்மையோ, ஊறுகாய் ஜாடியோ, மின்கம்பத்துப் பீங்கானோ, எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு செய்ய வேண்டும். அதில் ஒரு கணக்கு உண்டு. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். எட்டு அங்குலப் பிள்ளையார் வேண்டும் என்பதற்காக அச்சையும் எட்டு அங்குலத்துக்கே வைத்தால், வெளியே வருகிறவர் ஏழு அங்குலத்தில் இளைத்துப் போய் வருவார். கேட்டவன் சண்டைக்கு நிற்பான். ஆகவே எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் அச்சு வைப்போம்.

என் பேச்சுக்கும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்கிறவன் காதுக்குள் போய் வெந்து சுருங்கிவிடும். அதனால் எட்டில் ஒரு பங்கு சேர்த்துச் சொல்வேன். மணிமுத்தாற்றில் கணுக்காலளவு தண்ணீர் ஓடினால் இடுப்பளவு என்பேன். வேப்பூரில் வெங்காய லாரி கவிழ்ந்த அன்று, அந்த வழியாகப் போன பஸ்களில் டிரைவரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே திருச்சி வரை போனார்கள் என்று நான் சொன்னதை இன்றைக்கும் தொழிற்பேட்டை வாசலில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இது எட்டில் ஒன்று இல்லை, எட்டு மடங்கு என்பாள் என் மனைவி அன்னமேரி. அவளுக்குத் தொழில் தெரியாது என்று விட்டுவிடுவேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் துர்கா குடியிருக்கிறாள். முப்பத்து நாலு வயது. மகள் வெண்பா ஐந்தாவது படிக்கிறாள். கணவன் பழமலைநாதனுக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. கடை இங்கே, இரண்டாவது குடித்தனம் வேப்பூரில் என்று நாலு வருஷம் ஓட்டினான். அதைச் சொல்லித்தான் துர்கா விவாகரத்து வாங்கினாள். அவளுக்கு மாதம் ஏழாயிரம், குழந்தைக்கு ஐயாயிரம் என்று கோர்ட்டு தீர்த்தது. அந்த ஏழாயிரம் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். மிச்சத்துக்குப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக் கண் எழுதுவாள். பாலகிருஷ்ணன் என்பவர் தொழிற்பேட்டையிலிருந்து லோடு ஆட்டோவில் வெள்ளைப் பொம்மைகளைப் பலகை பலகையாக அடுக்கிக் கொண்டுவந்து இறக்குவார். வேலை முடிந்ததை ஏற்றிக்கொண்டு போவார்.

தீர்ப்பு வந்த சமயம் எங்கள் தெருமுனைப் பாண்டியன் டீக்கடையில் பெரிய விவாதம். தப்புச் செய்தவன் பழமலைநாதன், அப்படியென்றால் அவனிடம் இரண்டு மடங்கு பிடுங்க வேண்டாமா என்று பாண்டியன் கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். துர்காவின் வக்கீல் ஜோஸ்பின் அம்மா துர்காவிடம் சொல்லி, துர்கா அன்னமேரியிடம் சொல்லி, அன்னமேரி என்னிடம் சொன்ன சட்டத்தை, நானே டெல்லிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் மாதிரி விளக்கினேன். ஜீவனாம்சம் என்பது அபராதம் கிடையாது. அவன் வருமானம் என்ன, அவள் செலவு என்ன, அதை வைத்துத்தான் தொகை. வேப்பூர்க் குடித்தனத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.

பொம்பளை அந்த மாதிரிப் போனால் என்று ஒருவர் கேட்டார்.

அவள் வேறொரு ஆளோடு சேர்ந்து வாழ்கிறாள் என்று நிரூபித்துவிட்டால் அவள் பங்கு மொத்தமும் நின்றுவிடும், குழந்தைக்கு உள்ளது மட்டும் நிற்காது என்றேன். அது அநியாயமாக இருக்கிறதே என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவன் என்ற பெருமையில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்த ஒரு பத்தியை நம்பலாம். ஐப்பசி மாதம், சாயங்காலம் நாலு மணி. பாலகிருஷ்ணனின் ஆட்டோ எதிர் வீட்டு வாசலில் நின்றது. அவர் ஆறு பலகை பொம்மைகளை மேலே கொண்டுபோய் வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படிக்குக் கீழே கால் மணி நேரம் ஒதுங்கி நின்றுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் மாடிக் கொடியில் ஆம்பளைச் சட்டை ஒன்று காய்ந்தது. நீலக் கட்டம் போட்டது. அவ்வளவுதான்.

பாண்டியன் கடையில் அது இப்படி வெந்தது. ஆட்டோ இரண்டு மணி நேரம் நின்றது என்று தொடங்கினேன். நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு சட்டையைத் தொங்கவிட்டேன். கடையே சிரித்தது. எனக்கு இரண்டாவது டீ வந்தது, காசு கேட்கவில்லை. அந்த டீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதையை எப்படி நிறுத்துவது? மாடிப்படியில் பெரிய செருப்பு ஒன்றையும் விட்டேன். பால்காரன் வருவதற்கு முன்னாலேயே ஆட்டோ வாசலில் நிற்கிறது என்றேன். எத்தனை நாளாக என்று பாண்டியன் கேட்டார். அடுத்தடுத்த நாட்களில், டீ ஒன்றுக்கு ஒரு மாதம் வீதம், அது மூன்று மாதம் ஆயிற்று.

பின் பெஞ்சில் பழமலைநாதனின் வக்கீல் ஆதிநாராயணனுடைய குமாஸ்தா வடை தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பழமலைநாதன் என் வீட்டுக்கே வந்தான், கையில் ஒரு கிலோ ஆப்பிளோடு. துர்காவுக்குக் கொடுக்கிற ஏழாயிரத்தை நிறுத்தச் சொல்லி மனுப் போடப் போகிறான். கடையில் சொன்னதைக் கோர்ட்டில் சொன்னால் போதும் என்றான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. முப்பத்தாறு வருஷம் அச்சு செய்திருக்கிறேன், ஒருத்தர் கூட ஆப்பிள் கொண்டுவந்து என் பேச்சைக் கேட்டதில்லை. வக்கீல் ஆபீசுக்குப் போனேன். வாக்குமூலப் பத்திரத்தை நீட்டினார்கள். மூன்று மாதங்களாக, இரவு பகலாக, தொடர்ச்சியாக என்று அதில் இருந்தது. என் பொய் டைப் அடித்து வந்தபோது எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அன்னமேரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நீங்க என்னாத்தப் பாத்தீங்க?"

"சட்டைய."

"என்னா கலரு?"

"நீலக் கட்டம்."

அவள் தோசையைத் திருப்பிப் போடாமல் நின்றாள். ஒரு பக்கம் கருகிவிட்டது. அதையே என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோர்ட்டுச் சாட்சியின் மனைவிக்கு இருக்க வேண்டிய மரியாதை கலந்த மௌனம் அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாட்சி சொல்லும் நாளில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். கோர்ட்டு நிரம்பி வழிந்தது, தெருவரை கூட்டம். இல்லை, ஒரு முப்பது பேர் இருந்தார்கள், அதில் பாதிப்பேர் வேறு வழக்குக்கு வந்தவர்கள். துர்கா ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியில் கறுப்பு மை. பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். சற்று நேரத்தில் அன்னமேரி வந்தாள். என் பெருமையைப் பார்க்க வந்துவிட்டு, இடம் தெரியாமல் துர்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். பத்திரத்தில் இருப்பது உண்மை என்றேன். பிறகு ஜோஸ்பின் அம்மா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சின்ன உருவம், மெதுவான பேச்சு. ஆட்டோவைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் கேட்பார் என்று பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் சட்டையைப் பற்றி மட்டும் கேட்டார். நன்றாகப் பார்த்தீர்களா என்றார். என் கண் மோல்டு மேஸ்திரியின் கண், தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் தெருவிலிருந்தே பிடிக்கும் என்றேன். அவர் பையிலிருந்து மடித்த சட்டை ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். நீலக் கட்டம்.

"கொடியில பார்த்தது இதுதானாங்கய்யா?"

"இதேதான். சந்தேகமே இல்ல."

"கையில வாங்கிப் பாருங்களேன்."

வாங்கினேன். மேல் பையை ஒட்டி விரல் அகலத்தில் ஒரு குட்டிப் பை இருந்தது. சாதாரணச் சட்டையில் அது இருக்காது. கவராயம் செருகி வைப்பதற்காக மோல்டு மேஸ்திரி ஒருவன் டெய்லரிடம் சண்டை போட்டுத் தைத்து வாங்கியது. கவராயத்தின் முனை குத்திக் குத்தி அடியில் பொத்தலாகி, வெள்ளை நூலில் தைத்திருந்தது. அந்தத் தையல் அன்னமேரியின் தையல். காலரைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எப்போதும் தைக்கிற டெய்லரின் பெயர்ப் பட்டி அங்கே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அன்னமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துர்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலக் கட்டத்தில் ஆயிரம் சட்டை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரே பழமலைநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், சாயங்காலம் என்னைக் கேட்கப் போகிற பாண்டியன் கடை முழுவதும் நிற்பது மாதிரி இருந்தது. ஆனால் அந்த விரல் நுனி மை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மாதம் ஏழாயிரம் போனால் அந்த விரல்கள் இன்னும் எத்தனை கண் எழுத வேண்டும் என்று, ஒரு பலகைக்கு இவ்வளவு கூலி என்று தெரிந்தவன் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"இது என் சட்டைங்க" என்றேன்.

சிரிப்புச் சத்தம் எழுந்தது. நீதிபதி அம்மா மேசையைத் தட்டினார். உங்கள் சட்டை அங்கே எப்படிப் போயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அன்னமேரி எழுந்து நின்று, வண்ணம் தெறித்துச் சேலை வீணாகிறதே என்று, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேலை செய்யத் தானே கொடுத்ததாகச் சொன்னாள். சாட்சிக் கூண்டில் ஏறாமல் பேசக் கூடாது என்று அவளை உட்கார வைத்தார்கள். ஆனால் கேட்க வேண்டியதை எல்லோரும் கேட்டாயிற்று.

மிச்சத்தையும் ஜோஸ்பின் அம்மா ஒவ்வொன்றாக உருவினார். இரண்டு மணி நேரம் என்பது கால் மணி நேரம். மாடிக்கு மேலே இல்லை, மாடிப்படிக்குக் கீழே. செருப்பு இல்லை. பால்காரன் இல்லை. மூன்று மாதம் இல்லை, ஒரு நாள். ஆதிநாராயணன் துள்ளி எழுந்து என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்காக இதெல்லாம் சேர்த்தீங்க?"

எட்டில் ஒரு பங்குக் கணக்கைச் சொன்னேன். மண் சுருங்கும், அதனால் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்றேன். டீக்கடையில் அத்தனை தடவை எடுபட்ட பேச்சு, அந்த அறையில் ஈரக் களிமண் மாதிரி தொப்பென்று விழுந்தது. பொய்ச் சத்தியத்துக்கு என் மேலேயே வழக்குப் போடலாம், வயதைப் பார்த்து விடுகிறேன் என்றார். ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

மூன்று வாரத்தில் மனு தள்ளுபடி ஆயிற்று. ஒருவேளை என்றைக்கோ ஒருநாள் ஒருவர் வந்துபோயிருந்தாலும் அது சேர்ந்து வாழ்வது ஆகாது, தொடர்ந்து வாழ்ந்தால்தான் தொகை நிற்கும், இங்கே வந்துபோனதற்கே சாட்சி இல்லை என்று உத்தரவில் இருந்ததாம். ஏழாயிரம் நின்றது, துர்காவிடமே.

சாட்சி சொன்ன அன்று கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அன்னமேரி எனக்கு நாலடி முன்னால் போனாள். முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்றதும் பாண்டியன் கடையில சொல்றதும் ஒண்ணுதானேங்க. அதான் வக்கீலம்மாகிட்ட சொன்னேன்."

தள்ளுபடியான மறுநாள் துர்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். படியேறத் துணிச்சல் இல்லை. கீழே நின்று கூப்பிட்டேன். அவள் பாதிப் படி இறங்கி வந்தாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவள், அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள். அது இன்னும் குத்தியது. பணம் நிற்காமல் போனது கர்த்தர் புண்ணியம் என்று என்னவோ உளறினேன்.

"பணம் நின்னுருந்தாகூட எப்பிடியாச்சும் பொழச்சிருப்பேன் பெரியப்பா" என்றாள். "ஸ்கூலுல ஒரு புள்ள வெண்பாகிட்ட கேட்டுருக்குது, பால்காரன் வர்றதுக்கு முன்னாடியே உங்க வூட்டுக்கு ஆட்டோ வந்துடுமாமேன்னு. அந்தப் பால்காரன யாரு சேத்தது?"

"நான்தாம்மா."

"அவரு வேப்பூருல குடும்பமே நடத்துறாரு. ஊருக்கே தெரியும். அதப்பத்தி ஒரு டீக்காச்சும் பேசினீங்களா நீங்க?"

பேசவில்லை. பேச எனக்குத் தோன்றவே இல்லை. அதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தது, உள்ளதே உள்ள அளவில் பெரிதாக இருந்தது. அதை யாரும் நாற்காலி இழுத்துப் போட்டுக் கேட்கவும் மாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு தெருவைக் கடந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பாலகிருஷ்ணன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. அவர் வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ. வேலை கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, பலகையை நீங்களே வந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்று துர்காவிடம் சொல்லிவிட்டார்.

பாண்டியன் கடையில் வேறொன்று வெந்துகொண்டிருந்தது. துர்காவின் கொடியில் காய்ந்த சட்டை யாருடையது என்று கோர்ட்டே கண்டுபிடித்துவிட்டதல்லவா? மேஸ்திரியோடதாமே என்று சொல்லிக்கொண்டார்கள். பாவம் அன்னமேரியம்மா, புருஷனைக் காப்பாற்ற என்னமாய் ஒரு கதை சொன்னாள் என்றார்களாம். முதலில் காதில் விழுந்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மீசையைத் தடவிக்கொண்டேன். அறுபத்தேழு வயதில் இப்படி ஒரு பெயர். அந்த நிமிஷத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அந்தப் பெயர் எனக்கு மட்டுமா வந்தது?

ஓடிப்போய்க் கடையில் உண்மையைச் சொன்னேன். சட்டையை அன்னமேரிதான் கொடுத்தாள், நான் அந்தப் படியேறியதே கிடையாது, பாலகிருஷ்ணன் கால் மணி நேரம் மழைக்கு ஒதுங்கினார், முடிந்தது. எதையும் கூட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பாண்டியன் கண்ணைச் சிமிட்டினார். "சரிங்க மேஸ்திரி, நீங்க சொன்னா சரி." பிறகு எனக்கு இரண்டாவது டீ வந்தது, காசு கேட்கவில்லை. நான் அதைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். நான் பத்தடி நடப்பதற்குள் பின்னால் சிரிப்புக் கேட்டது.

சட்டையைத் துர்கா துவைத்து மடித்து அன்னமேரியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். இப்போது சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வண்ணம் தீட்டுகிறாள். முந்தானையெல்லாம் மஞ்சள் தெறிப்பு.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்றிருந்தேன். துர்கா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து நடந்து வந்தாள். தலையில் சும்மாட்டின் மேல் ஒரு பலகை, பலகை நிறையக் கண் இல்லாத பொம்மைகள். இறக்கி வைத்துவிட்டு மறுபடி போனாள். அரை கிலோமீட்டர் இருக்கும். எனக்குத் தெரிந்த பலகை, எனக்குத் தெரிந்த எடை. மூன்றாவது தடவை அவள் கழுத்து நடுங்குவது தெருவுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. ஒரு காலைத் தெருவில் வைத்தேன். பாண்டியன் கடைப் பெஞ்சில் நாலு தலைகள் திரும்பின. காலை எடுத்துக்கொண்டேன்.

அன்னமேரி என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "நீங்க உள்ள போயி உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் துர்காவோடு நடந்தாள்.

உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் மூன்றைத் துர்கா ஒருத்தியே தூக்கினாள். அப்புறம் இரண்டு பேருமாக. மொத்தம் ஆறு பலகை. ஆறுதான்.